நம்மூர்த் தோலுக்கு எதிராக ஒரு கையெழுத்து

1

ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் வேலை பார்க்கும் என் மச்சினன் ஏசுதாசன் போன கப்பலில் ஒரு கடிதம் போட்டிருந்தான். வழக்கமாக நாலு பக்கம் எழுதுவான். எந்த வண்டி எத்தனை மணி தாமதம் என்பது வரைக்கும் அதில் இருக்கும். இந்தத் தடவை அரைப் பக்கம்தான். "மாமா, ஊர்ல உங்களப் பத்தி பேச்சு ரொம்ப பேஜாரா கீது. நம்ம தோலு உளுத்துப்போற தோலுன்னு வெள்ளைக்காரிக்கு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களாமே, மெய்யா?" என்று கேட்டிருந்தான். அக்காவைக் கூட விசாரிக்கவில்லை.

மெய்தான். எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தும் போட்டேன். வருகிற வாரத்தோடு ஒரு வருஷம் முடிகிறது. அந்தக் காகிதம் புத்தகம் கட்டுகிறவர்கள் கைக்குப் போய், அங்கிருந்து தோல் வியாபாரிகளின் பத்திரிகைக்குப் போய், அதை யாரோ புண்ணியவான் கத்தரித்து ஆம்பூருக்கே அனுப்பிவிட்டிருக்கிறான். காகிதத்தில் என் பெயர் இருக்கிறது. எந்த அறையில், யார் யார் முன்னால், எதற்குப் பதிலாக அதை எழுதினேன் என்பது இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள், நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

என்னை மறந்துபோனவர்களுக்கு: ஆற்றங்கரைத் தோல்ஷாப்பில் பதினைந்து வருஷம் தோல் தரம் பிரித்த சாமுவேல் நான். ஷாப்பு முதலாளி சாயபு என்னை லண்டனுக்கு அனுப்பி ஒன்பது வருஷம் ஆகிறது.

2

இங்கே என் வேலை இதுதான். பெர்மண்ட்ஸி என்று தோல்காரர்கள் பேட்டை ஒன்று இருக்கிறது. மெட்ராஸ் கப்பலில் வந்த கட்டுகளை அங்கே ஒரு கிடங்கில் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் போட்டு அடுக்குவேன். வாங்க வருகிற துரைமார் அதில் நொட்டை சொன்னால் பதில் சொல்வேன். என்னை அனுப்பும்போது ஆம்பூர் ஸ்டேஷனில் சாயபு தோளில் கைபோட்டுச் சொன்னார்: "நம்ம மாலு அங்க பேசாது, சாமுவேல். நீதான் பேசணும்." முதல் இரண்டு வருஷம் என் இங்கிலீஷைக் கேட்டு கிடங்கே சிரித்தது. ஆனால் தோல் விஷயத்தில் ஒருத்தனும் சிரித்ததில்லை.

தோலைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். கட்டைவிரலை மேலே வைத்து, ஆள்காட்டி விரலை அடியில் கொடுத்து, அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆவாரம்பட்டைக் குழியில் எத்தனை நாள் ஊறியது, கடுக்காய்த் தண்ணீர் சரியாக ஏறியதா, ஆடு இளசா கிழமா, எல்லாம் விரலுக்குத் தெரியும். இது வேலையோடு நிற்காது. டிராமில் உட்கார்ந்தால் சீட்டைத் தள்ளிப் பார்ப்பேன். கோயிலில் பாதிரியார் கைகொடுக்க வந்தபோது அவர் கக்கத்தில் இருந்த வேதப்புத்தகத்தின் அட்டையைத் தள்ளிப் பார்த்தேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் மனைவி எஸ்தர் அன்று வீடு வரும் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

எங்கள் மகள் ரூத் மூன்று வயதில் கப்பல் ஏறினவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமைகளில் கிடங்குக்குக் கூட்டிப்போவேன். கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னைப் போலவே விரலை வைத்துத் தள்ளித் தள்ளி, "இது ரெண்டு, இது மூணு" என்பாள். எட்டு வயதுக்கு மேல் வருவது நின்றுபோயிற்று. பத்து வயதில் என் கோட்டை வெளியே மாட்டச் சொன்னாள், நாறுகிறதாம். கருவாடு வறுக்கிற அன்றைக்கு ஜன்னலை எல்லாம் திறந்து வைப்பாள், குளிரில் நாங்கள் நடுங்க வேண்டும். பள்ளித் தோழிகளிடம், அப்பா நகரத்தில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். எஸ்தருக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்தது கோபம் இல்லை, சொல்லத் தெரியவில்லை. தோல்ஷாப்பு வாடையோடு பஜாருக்குள் நுழைந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களை ஊரிலேயே பார்த்தவன்தான் நான். வீட்டுக்குள்ளேயே பிடிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

படிப்பில் மட்டும் கெட்டி. பதினொரு வயதில் பரீட்சை எழுதி, மேல்பள்ளியில் இலவச இடத்துக்குத் தேறிவிட்டாள். எங்கள் தெருவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே கிடைக்காத இடம். இன்னும் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, பழைய பள்ளியின் தலைமை ஆசிரியை கொடுக்க வேண்டிய நன்னடத்தைச் சான்று.

3

அந்த நேரத்தில்தான் பள்ளியில் பிள்ளைகளை ஒரு எழுத்தாளர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். செத்து நாற்பது வருஷம் ஆன மனிதர்; பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. அவர் இருந்த வீட்டை இருந்தபடியே வைத்துக் காட்டுகிறார்கள். மறுநாள் தலைமை ஆசிரியையிடமிருந்து தட்டெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் மகள் கயிற்றைத் தாண்டிக் கை நீட்டி, அவருடைய புத்தகம் ஒன்றின் முதுகைத் தேய்த்துக் கிழித்துவிட்டாள் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு காகிதம். மகள் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த எழுத்தாளர் வீட்டு நிர்வாகம் அதோடு விட்டுவிடும். ஆனால் சான்றில் நடத்தை என்ற கட்டத்தில் இது ஏறும். போடாவிட்டால் நிர்வாகமே கல்வி ஆபீசுக்கு எழுதும். எப்படியும் அந்த இடம் போய்விடும் என்று படித்தவுடனே புரிந்துவிட்டது.

எஸ்தர் ரூத்தை அடுப்படியில் நிறுத்திக் கேட்டாள். தொட்டாயா என்றால், தொட்டேன் என்றாள். கிழித்தாயா என்றதற்கு, "அதுவா உளுந்துச்சும்மா" என்றாள்.

"அதுவா உளுமா? இன்னா பேச்சு பேசற நீ? எதுக்குத் தொட்ட?"

அதற்கு மட்டும் பதில் இல்லை. எஸ்தர் கத்தினாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். ரூத் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

எனக்கு ஏறின ஆத்திரம் பிள்ளைமேல் இல்லை. என் அப்பா ஒரு தரம் பள்ளிகொண்டாவில் ஒரு மளிகைக் கடைக்காரரின் அரிசி மூட்டையில் கை தவறித் தொட்டுவிட்டார். அதற்காக நடுத்தெருவில் அரைமணி நேரம் கைகட்டி நின்றார். எனக்கு ஆறு வயது, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடைக்காரர் காலில் கிடந்த செருப்பு எங்கள் அப்பா குழியில் மிதித்த தோலாகத்தான் இருக்க வேண்டும், அது வேறு விஷயம். தொடுவதைப் பற்றி எங்களுக்குப் புதிதாக யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு கடல் தாண்டி வந்தும், அவர் பேத்தி தொட்டாள் என்று என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

ஆனால் எரிந்து என்ன செய்ய? கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் புத்தகத்தை நான் பார்க்க வேண்டும் என்று தலைமை ஆசிரியைக்கு எழுதினேன். நான் தோல் வேலைக்காரன் என்றும் எழுதினேன். அவர் நல்ல மனுஷி, கண்டிப்பானவர். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

4

அன்று ரூத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் கோயிலில் பேசுகிற மாதிரிதான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர் போட்ட தொப்பி, அவர் பிடித்த ஊன்றுகோல், காய்ந்துபோன மைப்புட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்கடியில் செருப்பு ஒரு ஜோடி. நம் பக்கத்தில் ஆள் செத்தால் பாயையே வீட்டில் வைத்திருக்க மாட்டோம். இவர்கள் செருப்பை வைத்துக் கும்பிடுகிறார்கள். அது கன்றுத்தோல், அடி மட்டும் எருமை. பார்த்தவுடனே தெரிந்தது, சொல்ல ஆள் இல்லை.

மாடியில் அவர் எழுதின அறை. சுவர் முழுக்கப் புத்தகம். நடுவில் மேஜை, மேஜைக்கு மேலே கேஸ் விளக்கு. அந்த விளக்குக்கு நேர் மேலே கூரை கறுத்திருந்ததை அப்போதே பார்த்துக்கொண்டேன். வீட்டைக் கவனிக்கிற அம்மாள் அங்கே நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும், கழுத்து வரைக்கும் பொத்தான். தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குற்றவாளிப் புத்தகம் மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியில் கிடந்தது. முதுகு தனியாக, அட்டை தனியாக.

கிட்டே போய் விரலை வைக்கப் போனேன். அந்த அம்மாள் தடுத்தார். ஏற்கனவே உடைந்ததை நான் என்ன உடைக்கப் போகிறேன் என்று கேட்டேன். அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னேனோ தெரியாது, தலைமை ஆசிரியை இருமினார். பிறகு விட்டார்கள். வைத்து அழுத்தினேன். தள்ளவே வேண்டியிருக்கவில்லை. மஞ்சள்பொடி டப்பாவில் விரல் விட்ட மாதிரி சிவப்புப் பொடியாக உதிர்ந்து கட்டைவிரல் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டை. நம் பக்கத்துத் தோல்.

பிள்ளைமேல் தப்பில்லை என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். அதே நேரத்தில் சொந்தக்காரனைப் பிணமாகப் பார்த்த மாதிரியும் இருந்தது.

அந்த அம்மாளிடம், பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல்தட்டிலிருந்து நீங்களே ஒரு புத்தகம் எடுங்கள், இதே நிறமாக இருக்கட்டும், நீங்களே விரலால் ஒரு தரம் தேயுங்கள் என்றேன். முதலில் முறைத்தார். பிறகு ஏணி வைத்து ஏறி எடுத்தார். ஒரு தரம்தான் தேய்த்தார். பொடி அவருடைய வெள்ளைக் கைப்பட்டியில் கொட்டிற்று, முதுகு பாதி கழன்று தொங்கிற்று. ஏணியில் நின்றபடியே, இது விலையுயர்ந்த பாரசீகத் தோல் என்றல்லவா இத்தனை நாள் எல்லோருக்கும் சொல்லிவந்தேன் என்றார். சீமையில் நம் ஆட்டுத்தோலுக்குப் பாரசீகம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரசீகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் வழியாக நேரே இங்கே வருவது என்றேன்.

5

அதன் பிறகு அவர் ரூத்தைக் கேட்டது ஒன்றுதான்: நீ ஏன் தொட்டாய்? ரூத் தரையைப் பார்த்துக்கொண்டு, பார்க்கத் தோன்றியது என்று மட்டும் சொன்னாள்.

அது தானாகத்தான் கிழிந்தது என்று தான் நிர்வாகத்துக்கு எழுதுவதாகவும், ஆனால் தோல் அறிந்த ஒருவர் கையெழுத்து இல்லாமல் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார் அந்த அம்மாள். நான் சரி என்றேன். என்ன காரணமோ அதைச் சொல்கிறேன் என்று சொல்லி, தெரிந்ததைச் சொன்னேன். ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் கிடந்தால் உழைக்கும்; நம் பக்கத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையில் கட்டின தோல் வருஷக்கணக்காகக் கிணற்றில் இறங்கி ஏறுகிறது. ஆனால் மூடின அறையில் கேஸ் விளக்குப் புகையிலும் கரி அடுப்புப் புகையிலும் நாற்பது வருஷம் வைத்தால் இப்படிப் பொடியாகும். பட்டையின் குணம் பாதி, உங்கள் ஊர்ப் புகை பாதி.

அந்த அம்மாள் பக்கத்து அறைக்குப் போய்த் தட்டெழுத்தில் அடித்துக்கொண்டு வந்தார். படித்தேன். இரண்டு தரம் படித்தேன். இந்தியத் தோல் பட்டையின் தன்மையால் தானே உளுத்துப்போகக் கூடியது, புத்தகங்களுக்கு ஏற்றதல்ல என்று இருந்தது. கீழே, மெட்ராஸ் மாகாணம் ஆம்பூர்த் தோல் தரம் பிரிப்பவர் என்று என் பெயர். புகை எங்கே என்று கேட்டேன். வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று நிர்வாகத்துக்கு என்னால் எழுத முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதில் மாற்றமில்லை என்றும் சொன்னார்.

மேஜைமேல் இரண்டு காகிதம். ஒன்றில் என் மகள் குற்றவாளி. இன்னொன்றில் என் ஊர்.

இது பொய் இல்லை என்று உங்களில் தொழில் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வீர்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் நம் தோலைப் பற்றி முணுமுணுப்பது கிடங்கில் எனக்குப் பழகின சங்கதி. ஆனால் முணுமுணுப்பு வேறு, ஆம்பூர்க்காரன் கையெழுத்து வேறு. அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு எவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்புக் குழியில் நின்று விரல் வெந்துபோன முனுசாமி கண்ணுக்கு முன்னால் வந்தான். அவன் மாதிரி எத்தனை பேர். சாயபு என் தோளில் போட்ட கை ஞாபகம் வந்தது. பேசத்தானே அனுப்பினார்.

பாதி உண்மையில் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தலைமை ஆசிரியை எழுந்து நின்றுவிட்டார். சான்றுகள் நாளைக் காலை தபாலில் போக வேண்டும், ஏதாவது ஒன்றில் போடுங்கள் என்றார். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரூத் என்னைப் பார்க்கவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தபடி நின்றாள். அவள் பின்னல் நுனியில் எஸ்தர் காலையில் கட்டிவிட்ட நீல ரிப்பன் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவதில் போட்டேன். தலைமை ஆசிரியை முதல் காகிதத்தை அங்கேயே கிழித்தார்.

ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விலைக்குப் போனேன் என்கிறவர்களுக்கு: ஒரு பைசா வாங்கவில்லை. பயந்துபோனேன் என்கிறவர்களுக்கு: ஆமாம், பயந்தேன். பெற்றவனுக்குப் பயம் இருக்கும். சாயபுவிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. வேலையை விட்டுப் போ என்றும் எழுதவில்லை, இரு என்றும் எழுதவில்லை. கட்டுகள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன. புகையைப் பற்றி அந்தப் பத்திரிகைக்கு நான் எழுதின கடிதத்தை அவர்கள் போடவில்லை. இந்தக் குறிப்பையாவது நம்மவர்கள் அச்சிட்டால் சாயபு படிப்பார்.

6

மீதியை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். எஸ்தர்தான் எழுதச் சொன்னாள்.

அந்த வீட்டிலிருந்து டிராமில் திரும்பி வந்தோம். எனக்கு உள்ளே ஒரு தைரியம், அழுகையும் கூட. ஊரை விற்றேனோ என்னவோ, பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று. ரூத்திடம் இனிமேல் பயமில்லை, இடம் உனக்குத்தான் என்றேன். தலையை ஆட்டினாள். கொஞ்சம் பொறுத்து, எதற்கு அதைத் தொட்டாய், இப்போதாவது சொல், நான் திட்ட மாட்டேன் என்று கேட்டேன்.

மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மாள் பிள்ளைகளிடம் இது பாரசீகத் தோல், உலகத்திலேயே உசத்தி என்று காட்டிக்கொண்டிருந்தாராம். இவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம். "அது பாரசீகம் இல்ல, எங்க நைனா ஊரு தோலு, எங்க நைனா தோல் வேலை செய்றாரு" என்று பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். ஆபீசில் வேலை என்றாயே என்று தோழிகள் சிரித்திருக்கிறார்கள். பொய்க்காரி என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்போதுதான் கயிற்றைத் தாண்டிக் கையை விட்டிருக்கிறாள். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் அடியில்.

இதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அது கையோடு வந்துவிட்டதும் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றாள். நம் தோல் அப்படி ஆகாது, ஒரு வேளை தான்தான் அதிகமாக அழுத்திவிட்டோமோ என்று நினைத்தாளாம்.

கண்டக்டர் வந்து சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நிறுத்தம் தாண்டினது. அதன் பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"உலகத்துலயே உசத்தி, அது எங்க ஊருதுன்னு நான் சொல்லிட்டு வந்தேன். நீ வந்து மட்டம்னு எழுதிக் குடுத்துட்ட. நான் கிழிச்சேன்னே போட்டிருக்கலாம்ல, நைனா?"

நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. அவள் எனக்கு முன்னால் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.